ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அப்பா பிடித்த கை

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் நடந்ததைப் பற்றி இங்கே எழுதிக்கொண்டிருக்கிறோம்; சைக்கிள் ஓட்டியதையும் கூடாரம் போட்டுத் தங்கியதையும் பலர் எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி.

அப்பாவுக்கு ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். போன வருடம்தான் முதல் முறையாகச் சிங்கப்பூர் வந்தார். வந்த முதல் வாரம் பதினோராம் மாடியில் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. தேக்கா, கோயில், விலங்குத் தோட்டம் என்று எங்கே கூட்டிப் போனாலும் “நல்லா இருக்கு” என்பார், அவ்வளவுதான். எனக்கு மனசே சரியில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள பேஷோர் ரயில் நிலையத்தில் இறங்கினோம். 2024 ஜூனில் அந்த ரயில் பாதை வந்த பிறகு பூங்காவுக்குப் போவது எவ்வளவோ சுலபம். விரைவுச்சாலையைத் தாண்டி உள்ளே போனதும் மரங்கள், புல்வெளி, அதற்கப்பால் கடல். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தண்ணீரில் கால் நனைத்து நின்றவர் கேட்ட முதல் கேள்வி: “என்ன தம்பி, அலையே இல்ல?”

இது நீரிணை, சுற்றிலும் தீவுகள் என்று சொன்னேன். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார். “இது கடல் கொண்டாந்து போட்ட மண்ணு இல்லப்பா.” எனக்கே ஆச்சரியம். இந்தப் பூங்கா முழுவதும், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1966-க்குப் பிறகு கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். சிக்லாப், பெடோக் பக்கம் இருந்த குன்றுகளை வெட்டித்தான் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைச் சொன்னதும் அப்பா கேட்டார்: “அப்ப இங்க கரையில இருந்த மீன்பிடிக்கிற ஆளுங்க?”

அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் கரையை விட்டுத் தள்ளித்தான் வீடு கிடைத்தது.

அப்புறம் பெடோக் படகுத்துறைப் பாலத்துக்குப் போனோம். கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு கிடக்கும் கான்கிரீட் பாலம் அது. இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே நங்கூரம் போட்டிருந்த கப்பல்களின் விளக்குகள் ஒரு ஊர் மாதிரி தெரிந்தன. இரண்டு பக்கமும் தூண்டில்காரர்கள். அப்பாவின் நடையே மாறிவிட்டது. ஒவ்வொரு வாளியையும் எட்டிப் பார்த்தார், “சூடை... சூடைதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீன அங்கிள், பேரனோடு வந்திருந்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கும். அவன் தூண்டிலில் ஏதோ மாட்டியது. தூக்கிப் போட்டான்: கறுப்பாக, விலாங்கு மாதிரி வாலோடு, உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு, ஒரு சாண் நீள மீன். அழகாகத்தான் இருந்தது. பையன் சந்தோஷத்தில் இரண்டு கையாலும் அள்ளப் போனான்.

அப்பா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பையன் மிரண்டுவிட்டான். அங்கிள் ஒரு கணம் முறைத்தார், பிறகு மீனைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “செம்பிலாங்!” அப்பா சொன்னது “கெளுத்தி.” முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று விஷ முட்கள். குத்தினால் பெரியவர்களே துடித்துப் போவார்கள்.

அங்கிளின் குறட்டை வாங்கி, மீனை ஈரத் துணியால் அமுக்கிக்கொண்டு, மூன்று முள்ளையும் அப்பா நறுக்கினார். தூண்டில் முள்ளைக் கழற்றியபோது அந்த விரல்கள் நடுங்கவே இல்லை. வீட்டில் தேநீர்க் கோப்பை பிடிக்கும்போது நடுங்கும் அதே விரல்கள். அப்புறம் பையனின் உள்ளங்கையை விரித்து, எங்கெங்கே குத்தும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். முழுக்க முழுக்கத் தமிழில்தான். பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

அங்கிள் தன் இரண்டாவது தூண்டிலை அப்பா கையில் கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றரை.

குழந்தைகளோடு அங்கே போகிறவர்கள் பையில் ஒரு குறடு வைத்துக்கொள்ளுங்கள். கெளுத்தி குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். அப்படியே மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

அப்பா டிசம்பரில் மறுபடியும் வருகிறார். இந்த முறை கணவாய் பிடிக்க வேண்டுமாம். பெடோக் பாலத்தில் அந்த மாதம் கணவாய் கிடைக்குமா, எத்தனை மணிக்குப் போனால் நல்லது? பழக்கமுள்ளவர்கள் யாராவது சொல்லுங்களேன்.