கோல்ஃப் டிரைவரில் பந்து வலப்பக்கம் வளைகிறது: எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

வட்டக்கச்சியிலிருந்து:

வணக்கம். நான் வலக்கைக் கோல்ஃப் ஆட்டக்காரன். பக்கத்தில் திடல் ஏதும் இல்லாதபடியால், சிறுபோகம் விதைக்காமல் விட்ட எங்கள் வயலில், வரம்போரம் நிற்கும் ஒற்றைப் பனையை இலக்காக வைத்துப் பழகுகிறேன். விடுமுறைக்கு மலையகம் போகும்போது நுவரெலியாத் திடலில் ஆடுவதுண்டு. நெடுந்தூர அடிக்கான மட்டையான டிரைவரால் அடித்தால், பந்து பனைக்குச் சற்று இடப்பக்கமாகப் புறப்பட்டு, பாதித் தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து அடுத்த காணிக்குள் விழுகிறது. இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தும் பார்த்தேன். வளைவு கூடியதே தவிரக் குறையவில்லை. குறுந்தூர அடிக்கான இரும்புத் தலை மட்டையான ஒன்பதாம் அயனில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. நுவரெலியாவிலும் இவ்வளவு வளைந்ததாக நினைவில்லை. எதை முதலில் திருத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வவுனியாவிலிருந்து:

பந்து எங்கே விழுந்தது என்பதோடு நிற்காமல், எந்தப் பக்கம் புறப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைப் பிடிக்க அதுதான் வேண்டும். அடிபடும் கணத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, எந்தத் திசையைப் பார்க்கிறதோ, ஏறத்தாழ அந்தத் திசையிலேயே பந்து புறப்படும். டிரைவரில் புறப்படும் திசையின் 85 சதவீதம் அளவுக்கு முகமே தீர்மானிக்கிறது என்பார்கள். வளைவைத் தீர்மானிப்பது வேறொன்று: முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை பயணிக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம். உங்கள் பந்து இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைகிறதென்றால், முகம் சற்று இடப்பக்கம் பார்க்கிறது, பாதையோ அதைவிட அதிகமாக இடப்பக்கம் போகிறது. அதாவது மட்டை பந்துக்கு அப்பாலுள்ள வெளிப்புறத்திலிருந்து உங்கள் பக்கமாக உள்நோக்கிக் குறுக்காக வருகிறது. நீங்கள் இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றபோது, பந்து பனையை நோக்கியே போகவேண்டுமென்று கைகள் முகத்தை வலப்பக்கமாகத் திறந்து வைத்திருக்கும். பாதை இடப்பக்கம் விலக, முகம் இலக்கிலேயே நிற்க, இடைக்கோணம் விரிந்து வளைவு கூடியிருக்கிறது. ஆகவே அந்த வழியைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

அயனில் தெரியாததற்குக் காரணம் முகச்சாய்வு, அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. டிரைவரில் அது 10 பாகை அளவு. ஒன்பதாம் அயனில் 40 பாகையை ஒட்டியது. சாய்வு கூடினால், பந்து பின்னோக்கிச் சுழலும் பின்சுழற்சி மிகும். அப்போது அதே கோளாறு பந்தின் சுழலச்சை அவ்வளவாகப் பக்கவாட்டில் சாய்க்காது, அதனால் வளைவும் குறையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, வளைவும் குறைவு. உங்கள் வீச்சு அங்கே திருந்தியிருந்தது என்று எண்ண வேண்டாம்.

முதலில் பிடியைப் பாருங்கள். மட்டையைத் தரையில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது இடக்கையின் விரல் மொளிகளில் ஒன்றுதான் தெரிந்தால், இரண்டு அல்லது மூன்று தெரியும் வரை கையை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான மடிப்பு வலத் தோளைக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பந்து முழுவதுமாக இடப்பக்கம் போகும். அதைக் கண்டு பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள். முகம் இடப்பக்கம் திரும்பி மூடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பாதையைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

நெடுங்கேணியிலிருந்து:

வவுனியா ஐயா சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் பிடியில் கை வைப்பதற்கு முன், பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். டிரைவர் முகத்தில் பவுடரை மெல்லியதாகத் தூவி அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் தண்டுப் பக்கமாக இருந்தால், அடியின் அதிர்வில் மட்டைத் தலை திரும்பி, பந்துக்கு வலப்பக்கச் சுழற்சியைத் தானாகவே கொடுக்கும். பிடி சரியாக இருந்தாலும் வளைவு நிற்காது. பாதையை அறிய அயனால் அடித்துத் தரையில் விழும் கீறலைப் பாருங்கள். ஈரமான செம்மண்ணில் அது தெளிவாகப் பதியும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் கிரிக்கெட் ஆடிவிட்டுத்தான் இதற்கு வருகிறார்கள். நேராக ஓட்டும் அடியில் இட முழங்கையை உயர்த்தி, மட்டையின் முகத்தைக் கோட்டிலேயே பிடித்துக்கொண்டு போகச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். கோல்ஃபில் முன்கைகள் உருண்டு முகம் மூட வேண்டும். நீங்களும் கிரிக்கெட் ஆடியவராக இருந்தால், அந்த நல்ல பழக்கமே இங்கே தடையாக நிற்கலாம்.

வட்டக்கச்சியிலிருந்து:

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளிக்காலத்தில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். பவுடர் போட்டுப் பார்த்தேன். வட்டம் நடுவிலிருந்து தண்டுப் பக்கமாக ஏறத்தாழ ஒரு விரலகலம் தள்ளி விழுகிறது. மண் கீறலும் பனைக்கு இடப்பக்கமே காட்டுகிறது. நான் அடிப்பது தென்மேற்கு நோக்கி. சோளகக் காற்று நேரே என் முகத்தில் அடிக்கிறது. அதற்கும் இதில் பங்கு உண்டா?

வவுனியாவிலிருந்து:

உண்டு. எதிர்காற்றில் பந்தைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம் கூடுவதால், இருக்கும் வளைவு பெரிதாகும். அதற்காகக் காற்றை முதுகில் வாங்கி அடித்தால் குறை மறைந்துவிடும். அது பழக்கத்துக்கு ஆகாது. சோளகம் ஏறுமுன் காலையிலேயே அடியுங்கள்.

தண்டுப் பக்கம் படுவதும் குறுக்குப் பாதையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்: கீழிறங்கும்போது வலத் தோள் முந்தினால் மட்டைத் தலை வெளியே தள்ளப்படுகிறது. பந்துக்கு வெளிப்புறமாக நான்கு விரலகலம் விட்டு ஒரு வெற்று அட்டைப் பெட்டியை வைத்து, அதில் படாமல் அரை வீச்சில் அடித்துப் பழகுங்கள். பந்து இடக் குதிகாலுக்கு நேராக இருக்கட்டும், அதைவிட முன்னே போக வேண்டாம். ஏழாம் அயனின் மண் கீறல் பனையை நேரே காட்டும் வரை டிரைவரை எடுக்காதீர்கள்.