கிறிஸ்மஸ் குக்கீ குழு: மழை நாள்ல ராயல் ஐசிங் (காய்ஞ்சா கெட்டியாகற சர்க்கரைப் பூச்சு)

டிசம்பர் 21, காலை 9:40

அண்ணி: சித்தி, 30 குக்கீ சுட்டு ஆறியாச்சு. சென்னைல விடாம மழை. இன்னிக்கு ஐசிங் போடலாமா, நாளைக்குத் தள்ளிடவா?

சித்தி: இன்னிக்கே போடும்மா, காய ஒரு நாள் முழுசா வேணும். ஆனா தண்ணிய அளந்துதான் ஊத்தணும். 500 கிராம் ஐசிங் சுகர், 3 டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடர் (காய வச்ச முட்டை வெள்ளைக்கருப் பொடி), 80 மில்லி தண்ணி. சுகர கண்டிப்பா சலிச்சுக்கோ. கடுகளவு கட்டி இருந்தாலும் நாசில், அதான் ஐசிங் பிழியற முனை, அடைச்சுக்கும்.

பெரியம்மா: எவர்சில்வர் பாத்திரம் எடு. பிளாஸ்டிக்ல எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாது, அது பட்டா ஐசிங் பொங்கி நிக்காது.

தங்கச்சி: மெரிங் பவுடர் இங்க எந்தக் கடையிலயும் இல்ல பெரியம்மா.

பெரியம்மா: அதுக்குப் பதிலா 2 முட்டை வெள்ளைக்கரு, 400 கிராம் சுகர் போடு. மஞ்சக்கரு ஒரு பொட்டு கூட விழக்கூடாது. பச்சை முட்டைங்கறதால கைக்குழந்தைக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் அத குடுக்காத. அவங்களுக்கு ஐசிங் இல்லாத குக்கீய தனியா எடுத்து வச்சிடு.

சித்தி: பீட்டர் குறைஞ்ச வேகத்துலயே ஓடட்டும். வேகமா அடிச்சா காத்து புகுந்து, காயறப்ப மேல பொத்தல் பொத்தலா வரும். கரண்டிய தூக்கினா நுனி விறைப்பா நிக்கணும், அதுதான் பதம். உடனே ஈரத்துணி போட்டு மூடு. 5 நிமிஷம் திறந்து கிடந்தாலே ஏடு கட்டிடும்.

காலை 11:15

அண்ணி: அடிச்சாச்சு. நிரப்பறதுக்கு எவ்வளவு தளர்த்தணும் சித்தி?

சித்தி: ஒரு கிண்ணத்துல எடுத்து அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனா தண்ணி விடு. கத்தியால நடுவுல ஒரு கோடு கிழிச்சு எண்ணு. 15 எண்றதுக்குள்ள கோடு மறைஞ்சா சரியான பதம். 8லயே மறைஞ்சா தண்ணி அதிகம், ஓரம் தாண்டி வழியும். காயவும் காயாது. அப்ப சுகர் சேர்த்து இறுக்கு. கலரும் ஜெல் கலரா இருக்கணும், தண்ணிக் கலர் பதத்தையே கெடுத்துடும்.

தங்கச்சி: சிவப்பு ரோஸ் மாதிரிதான் வருது சித்தி. இன்னும் ஊத்தவா?

சித்தி: வேண்டாம்டி. மூடி 3 மணி நேரம் வை, தானா கருஞ்சிவப்பாகும். அதிகமா ஊத்தினா கசக்கும், பக்கத்து வெள்ளையிலயும் இறங்கும். சாண்டா தொப்பில சிவப்ப முதல்ல போட்டு ராத்திரி முழுக்க காய விட்டுட்டு, காலைல வெள்ளை ஓரம் போடு.

அண்ணி: நாசில் ரெண்டுதான் இருக்கு.

பெரியம்மா: மருதாணி கோன் சுத்தற மாதிரி பிளாஸ்டிக் தாள்ல சுத்தி டேப் ஒட்டும்மா. நுனிய மட்டும் ஊசி கனத்துக்கு வெட்டு. ஒரு கலருக்கு ஒரு கோன் போதும்.

மதியம் 1:05

தங்கச்சி: மான் கட்டர் இல்லயே, பிள்ளைங்க மான்தான் கேக்குதுங்க.

சித்தி: மனுஷ உருவ குக்கீய தலைகீழா திருப்பிப் பாரு. கால் ரெண்டும் கொம்பு, கை ரெண்டும் காது, தலை இருந்த இடம் மூக்கு. உடம்பு முழுக்க பழுப்பு நிரப்பி, அது காய்ஞ்சதும் கெட்டி ஐசிங்கால கொம்பு வரி போடு. மூக்குக்கு சிவப்பு ஜெம்ஸ் மிட்டாய். ஈரமா இருக்கறப்ப ஜெம்ஸ வச்சா சாயம் ஓடி மூக்கச் சுத்தி சிவந்துடும். காய்ஞ்சப்புறம் ஒரு புள்ளி கெட்டி ஐசிங் வச்சு ஒட்டு.

மாலை 4:30

அண்ணி: [படம்] சித்தி, பனிமனுஷன் ஸ்கார்ஃப் குழி விழுந்திருச்சு. பெரிய இடமெல்லாம் நல்லாருக்கு, சின்ன இடம்தான் உள்வாங்குது.

சித்தி: சின்ன இடத்துல எப்பவும் அப்படித்தான். மேல ஏடு கட்டறதுக்குள்ள ஈரத்தோட கனத்துல ஐசிங் கீழ அமுங்கிடுது. மொதல்ல அதே கலர் கெட்டி ஐசிங்கால உள்ள வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போடு, அது தாங்கிக்கும். அதுக்கு மேல 20 எண்ற பதத்துல நிரப்பு. நிரப்பின கையோட டேபிள் ஃபேன் முன்னால வை. சீக்கிரம் ஏடு கட்டிட்டா குழியாது, பளபளப்பும் வரும். இப்ப விழுந்த குழி மேல இன்னொரு தடவ நிரப்பிடு, தெரியாது.

பெரியம்மா: ரூம் ஏசிய டிரை மோடுல போட்டுட்டு ஜன்னல சாத்து. இந்த ஈரக்காத்துல ஃபேன் மட்டும் போதாது.

தங்கச்சி: ஃப்ரிட்ஜ்ல வச்சா சீக்கிரம் காயுமா?

பெரியம்மா: கூடவே கூடாது. வெளிய எடுத்ததும் வேர்த்து கலர் எல்லாம் ஒண்ணா ஓடும். ஓவன்லயும் வைக்காத, வெண்ணெய் உருகி வெள்ளை மேல எண்ணெய்த் திட்டு வரும். சூடு ஆறாத குக்கீல ஐசிங் போட்டாலும் அதே திட்டுதான்.

அண்ணி: அப்ப டப்பால எப்ப அடுக்கறது சித்தி?

சித்தி: 24 மணி நேரம் ஆகட்டும். ஓரத்துல இருக்கற ஒரு குக்கீய விரலால லேசா அமுக்கிப் பாரு. பள்ளம் விழாம டக்குனு கல்லு மாதிரி இருந்தா, நடுவுல பட்டர் பேப்பர் போட்டு அடுக்கு. ஜெம்ஸ் வச்ச மானெல்லாம் மேல் அடுக்குல வரட்டும்.