காராமணி புழு விடுறது தேனா, கழிவா?

காட்பாடிக்காரன்: காலைல ஒருத்தர் போட்டிருந்தத படிச்சதுல இருந்து மனசே ஆறல. "காராமணி செடில பச்சப்புழுவ எறும்பு மொய்ச்சா தின்னுதுன்னு அர்த்தம்"னாரு. தின்னலபா, காவல் காக்குது! அது நீல வண்ணத்துப்பூச்சியோட புழு. முதுகுல தேன் விடும், எறும்பு குடிச்சிட்டு குளவிய கிட்ட சேக்காது.

குடியாத்தத்தான்: போட்டது நான்தான், பேர சொல்லியே கேக்கலாம். 30 வருஷமா பயிர் வெக்கிறேன். அது தேன் இல்ல, கழிவு. அஸ்வினிப் பூச்சி விடுற மாதிரி.

காட்பாடிக்காரன்: அஸ்வினி பின்னாடி வழியா விடுது. இதுக்கு வயித்துப் பகுதியோட ஏழாவது கணுவுல, முதுகு மேல தனி சுரப்பியே கீது. நேத்து வேலியோரம் ஒரு மணி நேரம் குந்திகினு பாத்தேன், கட்டெறும்பு மீசையால தட்டுது, தட்டிகினே இருக்குது, அப்புறம் ஊசிமுனை அளவு ஒரு சொட்டு கண்ணாடி மாதிரி எழும்புது, உடனே நக்கிடுது. சர்க்கரையும் அமினோ அமிலமும் அது. கழிவாம்!

குடியாத்தத்தான்: எந்த வழியா வந்தா இன்னா, கழிவுதான்.

ஆரணி அக்கா: எல்லாமே காவல்னு சொல்லாதீங்க தம்பி. இங்கிலாந்துல பெரிய நீலன்னு ஒரு வண்ணத்துப்பூச்சி, அதோட புழுவ எறும்பு தன் குஞ்சுன்னு நம்பி புத்துக்கு தூக்கினு போகும், அது உள்ள குந்திகினு எறும்புக் குஞ்சையே தின்னும். மேய்ச்சல் கொறைஞ்சி, புல்லு ஒசந்து, மண்ணு குளுந்து, அந்த எறும்பு போச்சு, 1979ல பூச்சியும் அங்க அத்துப்போச்சு. அப்புறம் ஸ்வீடன்ல இருந்து கொண்டாந்து விட்டாங்க.

காட்பாடிக்காரன்: அக்கா, அது வேற கதை. நான் காராமணிய பேசறேன். ஏழாவது கணு.

நெல்லைப் பையன்: காராமணின்னா தட்டப்பயறா?

குடியாத்தத்தான்: வேலூர்ல காராமணிதான். வேணும்னா உங்க ஊர்ல மாத்திக்கோ.

நெல்லைப் பையன்: கேட்டது தப்பால? எதுக்கு எரிஞ்சு விழுதீய?

காட்பாடிக்காரன்: அவரு எப்பவும் அப்படித்தான். தமிழ் மறவன மாநில வண்ணத்துப்பூச்சியா 2019ல அறிவிச்சாங்கன்னேன், 2020ன்னு ரெண்டு நாள் சாதிச்சாரு. இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல.

குடியாத்தத்தான்: அத ஏன் இங்க இழுக்குற? காவல் காவல்னு பேசறியே, காய்ல ஓட்டை போட்றது யாரு? உன் புழுதானே? நஷ்டம் எனக்கு, பெருமை உனக்கா?

காட்பாடிக்காரன்: ஓட்டை போடலன்னு நான் சொன்னனா? தேனான்னுதான் பேச்சு.

குடியாத்தத்தான்: கழிவு. ஞாயித்துக்கெழம என் கொல்லைக்கு வா, காட்றேன்.

காட்பாடிக்காரன்: லென்சோட வரேன். அதுவரைக்கும் மருந்து அடிச்சிடாதீங்க.