முள் 90, வண்டி 81: ஸ்கூட்டர் வேகமானி கூட்டிக் காட்டுவது நியாயமா?

சாட்ஸ்வர்த் சவாரி:
என்னுடைய 125 சிசி ஸ்கூட்டரில் நாள்தோறும் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். கைப்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்தி, ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் வண்டியின் முள்ளையும் இரண்டு வாரமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முள் 60-இல் நிற்கும்போது ஜிபிஎஸ் 53 என்கிறது; முள் 90-ஐத் தொடும்போது 81 என்கிறது. வண்டியை விற்ற கடையில் கேட்டால், "எல்லா வண்டியும் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தராசில் பத்துக்கு ஒன்று கூட்டி நிறுக்கும் கடைக்காரரை நாம் சும்மா விடுவோமா? வேகம் கூடுதலாகத் தெரிந்தால் வண்டி நன்றாக ஓடுவதாக வாங்கியவர் மகிழ்ந்து போவார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தூரமும் இப்படியே கூடுகிறது என்றால், லிட்டருக்கு 40 என்று நான் எழுதி வைத்திருக்கும் மைலேஜ் உண்மையில் 36 ஆகிவிடும்; வாரன்டி கிலோமீட்டரும் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

கணக்கு வாத்தியார்:
ஐயா, தராசு உவமை பொருந்தாது. தராசு இரு பக்கமும் பிழையாகலாம். வேகமானி ஒரு பக்கம் மட்டுமே பிழையாகலாம் என்று விதியே இருக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 39-இன்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதனுடன் 4 கிலோமீட்டரும் சேர்ந்ததுதான் எல்லை. அதாவது உண்மை வேகம் 80 என்றால் முள் 80 முதல் 92 வரை எங்கு நின்றாலும் அந்த வண்டி வகை ஒப்புதல் பெறும். தொழிற்சாலையிலிருந்து தொடர்ந்து வெளிவரும் வண்டிகளைச் சோதிக்கும்போது, 50 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு அந்த 4 என்பது 8 வரை தளர்த்தப்படுகிறது. உங்கள் 81-க்குக் கடுமையான எல்லையே 93.1 என்பதால், 90 காட்டுவதில் விதிமீறல் எதுவும் இல்லை. நகரத்துக்குள் 60 என்ற எல்லையில் முள்ளை நம்பி ஓட்டுபவருக்கு அபராதச் சீட்டு வராது. குறைத்துக் காட்டும் முள்ளை நம்பியவருக்கு வரும். எது நல்லது?

சாட்ஸ்வர்த் சவாரி:
அபராதம் வராதது உண்மைதான். ஆனால் 60-இல் போவதாக நம்பி 53-இல் போகிறவனின் முதுகில் மினிபஸ் டாக்சி வந்து முட்டுகிற அளவுக்கு நெருங்குவதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சாலையில் மற்றவர்களைவிட மெதுவாகப் போவதும் ஸ்கூட்டருக்கு ஆபத்துதான்.

பழைய பட்டறைக்காரர்:
தம்பிகளே, இருவரும் வேகத்தையும் தூரத்தையும் ஒரே கருவியாக எண்ணிப் பேசுகிறீர்கள். பழைய ஸ்கூட்டர்களில் முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம், தன்னைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தைச் சுழல் மின்னோட்டத்தால் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் திருப்பி இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-இல் ஜெர்மனியரான ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறை இது. வில் தளர்ந்தாலோ காந்தம் வலுவிழந்தாலோ முள் மாறும். தூரமானி அப்படியல்ல. அதே கேபிளில் பல்சக்கரங்களால் நேரடியாகப் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியதோ அதை மட்டுமே எண்ணும். இன்றைய மின்னணு வண்டிகளிலும் சென்சார் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. முள்ளுக்குப் போகும் எண்ணில்தான் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

ஆகவே வழக்குக்குச் சாட்சி தூரமானிதான். என்2 நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. ஒரு பலகையில் தூரமானியைக் குறித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓட்டிக்கொண்டே குனிந்து பார்க்காதீர்கள், பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள். தூரம் சரியாக வந்தால் முள்ளில் மட்டும் கூட்டல் இருக்கிறது. தூரமும் கூடினால் டயரைப் பாருங்கள். சென்சார் முன்சக்கரத்தில் இருக்கும் வண்டிகளில் எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் வேரியேட்டரின் ரோலரையோ பெல்ட்டையோ மாற்றுவதால் முள் மாறவே மாறாது. இதை நம்பாமல் என் பட்டறையில் சண்டை போட்டவர்கள் உண்டு.

சாட்ஸ்வர்த் சவாரி:
ஞாயிற்றுக்கிழமை மகனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். பலகைக் கணக்கில் 20 கிலோமீட்டர், தூரமானி 20.9 காட்டியது.

பழைய பட்டறைக்காரர்:
முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் சவாரி:
100/80-10. வண்டி வந்தபோது இருந்தது 100/90-10. சென்ற ஆண்டு அந்த அளவு கையிருப்பில் இல்லை என்று டயர் கடையில் சொன்னார்கள். இதன் விலையும் குறைவாக இருந்தது. நானும் சரி என்றேன்.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் பாதிக் குற்றம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஐயா. பத்து அங்குல ரிம் 254 மில்லிமீட்டர். பழைய டயரின் உயரம் 100 மில்லிமீட்டர் அகலத்தில் 90 விழுக்காடு; மேலும் கீழும் அந்த 90 மில்லிமீட்டர் சேர்த்து விட்டம் 434. புதியதில் 80 வீதம் சேர்த்து 414. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு 4.8 விழுக்காடு கூடுதலாகச் சுற்றும். இருபது கிலோமீட்டருக்கு 20.96 வர வேண்டும், உங்களுக்கு 20.9 வந்திருக்கிறது. சரியான டயர் இருந்தால் 81-இல் முள் 86-ஐ ஒட்டித்தான் நிற்கும். மைலேஜும் 36 அல்ல, 38.

லெனேசியா 125:
முள்ளின் பொய் போகட்டும், ஜிபிஎஸ் காட்டும் வேகமே ஊருக்கு ஊர் மாறுகிறதே! டர்பனில் 90 போன என் வண்டி, ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த பின் 86-ஐத் தாண்டுவதில்லை. சிக்னலில் புறப்படும்போதும் மேட்டிலும் உயிரே இல்லை. இங்கே உயரம் ஏறத்தாழ 1,700 மீட்டர், காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆறில் ஒரு பங்கு வலு போனால் வேகமும் 75-க்கு அல்லவா இறங்க வேண்டும்? ஜிபிஎஸ்ஸும் பொய் சொல்கிறது என்றே நினைக்கிறேன்.

கணக்கு வாத்தியார்:
ஜிபிஎஸ் பொய் சொல்லவில்லை. வேகம் கூடக் கூடக் காற்றைக் கிழிப்பதற்கான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. அதனால் ஆறில் ஒரு பங்கு வலு குறைந்தாலும் உச்ச வேகம் ஆறு விழுக்காடுதான் குறையும். 90 என்பது ஏறத்தாழ 85 ஆகும். அங்கே எதிர்க்கும் காற்றும் அதே அளவு மெலிந்திருப்பதால் அந்த ஆறும் முழுதாகக் குறைவதில்லை. மேட்டில் கதை வேறு. அங்கே எதிர்ப்பது காற்றல்ல, உங்கள் எடையும் வண்டியின் எடையும். அவை உயரத்தில் மெலிவதில்லை. அதனால்தான் சமதளத்தில் தெரியாத இழப்பு ஏற்றத்தில் முழுதாகத் தெரிகிறது.

பழைய பட்டறைக்காரர்:
வண்டி கார்புரேட்டர் வகையா, இன்ஜெக்ஷன் வகையா? கார்புரேட்டர் என்றால் டர்பன் காற்றுக்கு வைத்த மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் சிறு துளை) அங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஸ்பார்க் பிளக் கறுத்திருந்தால் ஒரு அளவு சிறிய ஜெட் போடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டி காற்றழுத்தத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும்; அதில் கை வைக்காதீர்கள். பெல்ட்டின் அகலத்தையும் பாருங்கள், தேய்ந்த பெல்ட்டும் உச்ச வேகத்தைத் தின்றுவிடும்.

சாட்ஸ்வர்த் சவாரி:
டயர் என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதியை விடமாட்டேன். தேய்மானத்துக்காக இந்த இடைவெளி வேண்டும் என்று கடையில் ஒரு காரணம் சொன்னார்கள். டயர் தேயத் தேய விட்டம் குறைந்து முள் இன்னும் கூடுதலாகத்தானே காட்டும்? அப்படியென்றால் அந்தக் காரணம் தலைகீழாக அல்லவா இருக்கிறது?

கணக்கு வாத்தியார்:
தேய்மானத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தக் காரணத்தை நான் சொல்லவில்லை. இடைவெளி வேண்டியது எதிர்த்திசைக்காக. நீங்கள் சிறிய டயர் போட்டதைப் போல இன்னொருவர் பெரிய டயர் போடுவார். வேறொருவர் காற்றைக் கூடுதலாக அடிப்பார். அவர்களுடைய முள் உண்மைக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது.

சாட்ஸ்வர்த் சவாரி:
எவரோ ஒருவர் பெரிய டயர் போடக்கூடும் என்பதற்காக, சரியான டயர் போட்டவர்கள் எல்லோருக்கும் தவறான எண்ணைக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. சனிக்கிழமை 100/90-10 மாட்டுகிறேன். அதன் பிறகு 81-க்கு முள் எங்கே நிற்கிறது என்பதை ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அல்ல, சமதளத்தில் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.