பிசிஜி சிகிச்சைக்குப் பின் சிறுநீர்ப்பையில் சிவப்புத் திட்டு: விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் மாமனாருக்கு, சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்த பின், வாரம் ஒரு முறையாக 6 வாரம் பிசிஜி மருந்தைக் குழாய் வழியே செலுத்தினார்கள்; ஒவ்வொரு முறையும் 2 மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுத்திருந்தார். கைக்குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடப்படும் அதே வீரியம் குறைந்த கிருமி, பையின் உட்சுவரில் ஒட்டி, நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான நியூட்ரோபில்களையும் டி செல்களையும் அங்கே வரவழைத்துப் புற்றுச் செல்களைத் தாக்க வைக்கிறது என்பது வரை படித்தறிந்தேன்.

இப்போது சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனையில் சிவந்த திட்டு ஒன்று தெரிகிறது. அது அழற்சியா, மீண்டும் வந்த கட்டியா என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்லும் என்கிறார் மருத்துவர்; அதுவே சரி. (காய்ச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்னும் அக்கம்பக்கத்தார் பேச்சை நான் நம்பவில்லை.) அழற்சி எனில் அது அடங்க எவ்வளவு காலமாகும், அடங்கிய பின்னும் டி செல்களின் நினைவாற்றல் (முன்பு தாக்கியதை மீண்டும் அடையாளம் காணும் திறன்) அங்கே நிலைக்குமா என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.