பி.எம்.ஓ.வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

பாளையங்கோட்டை, செவ்வாய் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. பாலிடெக்னிக்கில் கட்டடவியல் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குத் திட்ட மேலாண்மைப் பாடத்தைத் தமிழில் குறிப்பேடாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வெள்ளி மதியத்துக்குள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால்தான் திங்கள் வகுப்பில் கையில் இருக்கும்.

பி.எம்.ஓ., அதாவது பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ், என்ற இடத்தில் நிற்கிறேன். அது என்ன என்று வகுப்பில் கேட்டதும் பாதிப் பேர் பிரதமர் அலுவலகம் என்றார்கள். செய்தியில் அப்படித்தானே வருகிறது. ‘திட்ட மேலாண்மை அலுவலகம்’ என்று பலகையில் எழுதினேன். ஒரு பெண் எழுந்து, “எங்கம்மா வேலை பாக்க அங்கன்வாடிக்கு மேல திட்ட அலுவலர் ஆபீஸ் இருக்குல்லா, அதுவா டீச்சர்?” என்றாள். இன்னொருவன், வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்குமே, அந்த சைட் ஆபீஸ் என்றான்.

ஒரு நிறுவனத்தில் பத்துப் பன்னிரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். அத்தனைக்கும் பொதுவாக ஒரு பிரிவு இருந்து படிவம், அறிக்கை, ஆள் பங்கீடு, இயந்திரப் பங்கீடு, செலவுக் கணக்கு, எங்கே என்ன தடங்கல் வரலாம் என்ற பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். போன வேலையில் பட்ட பாடு அடுத்த வேலைக்குப் போய்ச் சேருகிறதா என்றும் பார்க்கும். இதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் பெயர் வேண்டும்.

திசையன்விளை, செவ்வாய் இரவு

டீச்சர், அலுவலகத்துக்குப் போகுமுன் ‘திட்டம்’ என்பதைச் சரிசெய்வோம். ஐந்தாண்டுத் திட்டம், சத்துணவுத் திட்டம், கால்வாய்த் திட்டம் என்று பிளான், ஸ்கீம், பிராஜெக்ட் மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. நான் கொழும்பில் இருபது வருடம் கடை வைத்திருந்தவன். அங்கே திட்டம் என்றால் பிளான், செயற்றிட்டம் என்றால் பிராஜெக்ட், மேனேஜ்மென்ட்டுக்கு முகாமைத்துவம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையே தயங்காமல் சொல்லும். ‘செயற்றிட்ட முகாமைத்துவ அலுவலகம்’ என்று போடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி, புதன் காலை

திசையன்விளை அண்ணாச்சி சொன்ன செயற்றிட்டம் புணர்ச்சிப்படி சரியான சொல். லகரம் றகரமாகும், பின்வரும் தகரமும் றகரமாகும். நன்னூல் தொட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே நாம் ‘செயல்திட்டம்’ என்று புணர்க்காமல் எழுதிப் பழகி, அதை ஆக்‌ஷன் பிளானுக்குக் கொடுத்துவிட்டோம். முகாமைத்துவத்தில் ‘த்துவம்’ வடமொழி ஈறு. அது வேண்டாம்.

மேலாண்மையும் எனக்கு உறுத்துகிறது. மேல், ஆள், மை என்று பிரித்துப் பாருங்கள், மேலே உட்கார்ந்து ஆள்வது என்றுதான் வரும். டீச்சர் சொல்லும் பிரிவு ஆளவில்லை, உதவுகிறது. உதவிக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: வேளாண்மை. விருந்தோம்பி வேளாண்மை செய்தல் என்ற 81-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உபகாரம் என்றே பொருள் சொல்கிறார். பயிர்த்தொழில் என்ற பொருள் பிற்பாடு அதன்மேல் ஏறிக்கொண்டது என்பது என் கருத்து. பிராஜெக்ட்டுக்கு ‘வினை’ போதும். வினைசெயல்வகை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 68-ஆவது. அதில் 675-ஆம் குறள் பொருள், கருவி, காலம், வினை, இடன் ஐந்தையும் இருள்தீர எண்ணிச் செய்யச் சொல்கிறது. இன்று செலவு, தளவாடம், கால அட்டவணை, பணியெல்லை, தளம் என்று நீங்கள் நடத்தும் பாடம் அதுதான். ஆகவே ‘வினை வேளாண்மையகம்’.

தென்காசி, புதன் காலை

ஐயா, எங்கள் பக்கம் வேளாண்மை விரிவாக்க மையம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் பலகை தொங்குகிறது. விதைநெல் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு வேளாண்மையகம் என்று எழுதிக் கொடுத்தால் வேறு எதுவும் தோன்றாது. பி.எம்.ஓ. என்றே தமிழெழுத்தில் போட்டுவிடலாம். சென்னையிலோ பெங்களூரிலோ இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். சொல் தெரியாமல் அந்தப் பிள்ளை விழிக்கக் கூடாது.

கல்லிடைக்குறிச்சி, புதன் மதியம்

தம்பி, கணினி, மென்பொருள் எல்லாம் வந்த புதிதில் இதே பேச்சுதான். இன்று பேச்சில் இல்லாவிட்டாலும் எழுத்தில் தயங்காமல் எழுதுகிறோம். புழங்கப் புழங்கத்தான் சொல் பழகும். எழுத்தை மட்டும் மாற்றிப் போடுவதைக் கலைச்சொல் என்று நான் ஏற்க மாட்டேன்.

வள்ளியூர், புதன் இரவு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அப்படி ஒரு பிரிவு வருவதற்கு முன்னும் பின்னும் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முன்பு இருந்த நிறுவனத்தில் காற்றாலை நிறுத்தும் வேலை. ராதாபுரம், பணகுடி, கயத்தாறு பக்கம் மூன்று இடங்களில் ஒரே வருடம் நடந்தது. நம்ம ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். மே கடைசியில் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் இறக்கையை மேலே தூக்க முடியாது, செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரிய கிரேன் ஒன்றே ஒன்று, வாடகைக்கு. மூன்று சைட் மேனேஜர்களும் அவரவர் எக்செல்லில் அட்டவணை போட்டார்கள். மூன்றிலும் கிரேன் மார்ச் இரண்டாம் வாரம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

கிரேன் முதலில் போன இடத்தில் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாள் ஆகாமல் கோபுரம் ஏற்ற மாட்டோம். பத்து நாள் கிரேன் சும்மா நின்றது, வாடகை ஓடியது. அடித்தளம் எப்போதோ தயாரான இன்னொரு சைட்டில் ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வந்துவிட்டது. இரண்டு கோபுரம் அக்டோபருக்குப் போயிற்று. அந்தக் காற்று முழுக்க மின்சாரம் ஆகாமல் போனது.

அடுத்த வருடம் நான்கு பேரை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அதில் ஒரு அக்கா கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். தினமும் போன் போடுவார். “அடித்தளம் முடிஞ்ச மாதிரிதான்க்கா” என்றால் விட மாட்டார். “மாதிரி வேண்டாம் தம்பி, கான்கிரீட் போட்ட தேதி சொல்லு” என்பார். மூன்று சைட்டும் ஒரே சுவர் அட்டவணையில் ஏறியது. தேதி தள்ளிப்போனால் சிவப்பு. உண்மையைச் சொல்லிச் சிவப்பு போட்டவரை யாரும் ஏசக் கூடாது என்று மேலிடமே சொல்லிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய மாற்றம். அதற்கு முன்னால் ஏச்சுக்குப் பயந்து எல்லோரும் பச்சை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் கான்கிரீட் தேதியை வைத்துக் கிரேன் நகர்ந்தது. காற்றுக்கு முன்னால் மூன்று இடத்திலும் முடித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பிரிவு வளர்ந்து, வாரத்துக்குப் பதினான்கு படிவம் கேட்க ஆரம்பித்தது. சைட்டுக்குப் போகிற நேரத்தில் படிவம் நிரப்பினோம். சில நிறுவனங்களில் இந்தப் பிரிவு உதவி மட்டும் செய்யும், சிலவற்றில் முறையைக் கட்டாயமாக்கிக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் மேனேஜர்களையே கையில் வைத்துத் தானே வேலையை நடத்தும். மூன்றையும் தாங்கும் சொல் வேண்டும் ஐயா.

ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள். சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் சில பேர்தான். அவர்கள் தேரை இழுப்பதில்லை. ஆனால் ரதவீதி முனையில் தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். அந்த அறையில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ‘ஒருங்கிணைப்பகம்’ ஓரளவு பொருந்தும் என்று படுகிறது.

கல்லிடைக்குறிச்சி, வியாழன் காலை

வள்ளியூர்த் தம்பி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். வேளாண்மையை விட்டுவிடுகிறேன், படிவம் பதினான்கு என்றதும் அந்த உபகாரம் அதில் நிற்காது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒருங்கு, இணைப்பு இரண்டுமே சேர்ப்பதைத்தான் சொல்கின்றன. சறுக்குக்கட்டை நிறுத்தவும் செய்கிறது. அந்த அக்கா செய்ததும் நிறுத்திக் கேட்டதுதான். கண் என்பதும் காண் என்பதும் உள்ள சொல் வேண்டும். கண்காணி நம் பழஞ்சொல், பேச்சில் கங்காணி ஆனது. ‘திட்டக் கண்காணியகம்’ எப்படி?

திசையன்விளை, வியாழன் காலை

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல் மட்டும் வேண்டாம். என் தாத்தாவை இந்த ஊரிலிருந்து கடன் எழுதி வாங்கித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவனுக்குக் கங்காணி என்று பெயர். எங்கள் வீட்டில் அதைச் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

முகாமையையும் நான் வற்புறுத்தவில்லை. ஒருங்கிணைப்பு சின்னச் சொல்லும் இல்லை. தாமிரபரணியை கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாயை 2009-இல் தொடங்கினார்கள், நான்கு பகுதியாகப் பிரித்து. நிலம் எடுக்க ஒரு துறை, ரயில்பாதையைக் கடக்க ஒரு துறை, நாலுவழிச் சாலையைக் கடக்க ஒரு துறை. கன்னடியன் அணைக்கட்டுத் தண்ணீர் எங்கள் தேரிக்காடு வந்து சேர எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி, வியாழன் மதியம்

அண்ணாச்சி, மன்னியுங்கள். அகராதியை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தென்காசி, வியாழன் இரவு

எனக்கு ஒருங்கிணைப்பகம் சரி. ஆனால் பி.எம்.ஓ.வும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் வெறும் ‘திட்டம்’ வேண்டாம், ‘திட்டப்பணி’ என்று போட்டால் அங்கன்வாடிக் குழப்பம் வராது. ‘பணிமனை’ என்று மட்டும் முடித்துவிடாதீர்கள், பஸ் டிப்போ ஆகிவிடும்.

பாளையங்கோட்டை, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. குறிப்பேட்டில் ‘திட்டப்பணி ஒருங்கிணைப்பகம்’ என்று போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில், ‘வேலையிடத்தில் இதைப் பி.எம்.ஓ. என்பார்கள்’ என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன். மேலாண்மை என்ற சொல் இல்லாதது எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது, நேரமில்லை. வள்ளியூர்த் தம்பி, கிரேன் கதையைப் பயிற்சிக் கேள்வியாக வைத்திருக்கிறேன்: மூன்று அட்டவணையையும் கொடுத்துவிட்டு, கிரேன் முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி, வெள்ளி காலை

போடுங்கள் டீச்சர், தடுக்கவில்லை. ஆனால் நான் இதற்கு உடன்படவில்லை என்பதும் குழுவில் பதிவாகட்டும். நிறுத்திக் கேட்பது அந்தச் சொல்லில் இன்னும் வரவில்லை, தேடிக்கொண்டிருப்பேன். 675-ஆம் குறளுக்கு ஓரத்தில் இடம் இருக்குமா?

பாளையங்கோட்டை, வெள்ளி மதியம்

கிரேன் கேள்விக்குக் கீழே நாலு விரற்கடை இடம் இருந்தது ஐயா. சேர்த்துவிட்டேன். கடைக்குக் கிளம்புகிறேன்.