கண்ணாடி தேய்க்கிறேன், ஆசையை என்ன செய்வது?

மாடிவெளிச்சம் (திண்டுக்கல்) எழுதியது:

வணக்கம். இது தொலைநோக்கி பற்றிய கேள்வியா, மனசு பற்றிய கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை. நிர்வாகிகள் எந்தப் பகுதிக்கு மாற்றினாலும் சரி.

வயது 43. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி பள்ளிக்கூட மைதானத்துக்கு யாரோ தொலைநோக்கி கொண்டுவந்திருந்தார்கள். சனி கிரகம் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்த பையன்கள் எல்லாம் "வளையம் தெரியுதுடா" என்று குதித்தார்கள். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது மேகம் மூடிவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே ஆசை: என் கையால் தேய்த்த கண்ணாடியில் அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் ஆரம்பித்தேன். தொலைநோக்கிக்கான குழிக் கண்ணாடி, 6 அங்குல விட்டம், 48 அங்குலக் குவியத் தூரம். மொட்டை மாடியில் ஒரு பழைய டிரம், ஆடாமல் இருக்கப் பாதிக்குத் தண்ணீர். மேலே பலகை, பலகையில் டூல் (தேய்ப்பதற்கான அடி வட்டு), டூல் மேல் கண்ணாடி. நடுவில் கார்போரண்டம் பவுடரும் கொஞ்சம் தண்ணீரும். முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். 80 நம்பர் பவுடரில் ஆரம்பித்து 120, 220, 320, 500 என்று நைசாகிக்கொண்டே போகும். கடைசியில் டூல் மேல் பிட்ச் (கீல் மாதிரியான பிசின்) ஊற்றி, சீரியம் ஆக்சைடு போட்டு பாலிஷ். ஷிப்ட் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம். முதல் ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. கரகரவென்று இருக்கிற சத்தம் பவுடர் அரைபட அரைபட மெத்தென்று மாறும். அந்தச் சத்தத்துக்காகவே மாடி ஏறுவேன்.

அப்புறம்தான் ஒரு இடத்தில் படித்தேன். 2025 மார்ச்சில் பூமியிலிருந்து பார்த்தால் சனியின் வளையம் வெறும் கோடாகச் சுருங்கிவிடும், கிட்டத்தட்ட 15 வருடத்துக்கு ஒரு தடவை இப்படி நடக்கும் என்று. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். கெட்டது காரியம்.

500 நம்பருக்கு மூன்று மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டு பாலிஷுக்குப் போனேன். நடுப்பகுதி பளபளவென்று வந்தது. ஓரம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரியே நின்றது. சரி, ஓரத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுப்போம் என்று கொடுத்தேன். பிளேடு சோதனை செய்தால் (கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிளேடு விளிம்பால் மறைத்து, தெரிகிற நிழலில் மேடு பள்ளம் பார்ப்பது) ஓரம் சரிந்து கிடக்கிறது. மில்லில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் வேலை வந்தால் சூப்பர்வைசர் முதுகில் தட்டிக் கொடுப்பார். இங்கே பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அதிகம். மார்ச்சும் போனது, வளையமும் போனது.

மச்சானிடம் புலம்பினேன். "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்றார். எங்கள் ஊரில் பாதி ஆட்டோவின் முதுகில் அதுதான் எழுதியிருக்கிறது. அந்த ஆட்டோவில் ஏறிப் போய், இறங்கும்போது காசு கொடுக்காமல் நடந்து பாருங்கள், தெரியும்.

என் கேள்வி இதுதான். வளையம் பார்க்கிற ஆசை இல்லையென்றால் நான் ஏன் தேய்க்கப் போகிறேன்? ஆசை இருந்தால் அவசரம் வருகிறது. அவசரம் கண்ணாடியைக் கெடுக்கிறது. பலனை விட்டுவிட்டு வேலையைச் செய் என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? தத்துவம் வேண்டாம், கை வேலையாகச் சொல்லுங்கள். ஏழு மாதமாகக் கண்ணாடி பழைய வேட்டி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. "ஒண்ணு முடிங்க, இல்ல டிரம்மையாவது காலி பண்ணுங்க, வடகம் காயவைக்க இடமில்ல" என்கிறார்கள் வீட்டில்.

---

சும்மாஇருசொல்லற எழுதியது:

சகோ, ரெடிமேடாகவே 6 அங்குலம் கிடைக்கிறதே. வாங்கி மாட்டிவிட்டு வளையத்தைப் பாருங்கள். டென்ஷன் மிச்சம்.

---

மாடிவெளிச்சம் எழுதியது:

வாங்கலாம். விலைகூட விசாரித்தேன். ஆனால் ஹோட்டலில் பார்சல் வாங்கி வந்து "நான் சமைத்தேன்" என்று பரிமாறுகிற மாதிரி இருக்கும். பரிமாறலாம், சாப்பிடவும் நன்றாக இருக்கும். எனக்குத் தொண்டையில் இறங்காது.

---

ஆலங்காயம் வாத்தியார் எழுதியது:

தம்பி, பாலிடெக்னிக் ஒர்க் ஷாப்பில் 31 வருடம் பையன்களுக்கு ரம்பம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வுக்கு அப்புறம் நாலு கண்ணாடி தேய்த்தேன். ஒன்று உடைந்தது, ஒன்று சுமார், இரண்டு தேறியது. கை வேலையாகச் சொல்லு என்றதால் எழுதுகிறேன்.

முதலில் உன் ஓரத்துக்கு வருவோம். இருட்டறையில் ஒரு சிவப்பு லேசர் டார்ச்சைக் கண்ணாடியில் அடி. முழுசாகப் பாலிஷ் ஏறிய இடத்தில் பொட்டு தெரிவதே கஷ்டம். பவுடர் போட்ட நுண்ணிய குழி மிச்சம் இருக்கிற இடத்தில் பளிச்சென்று எரியும். எரிந்தால் இனி எத்தனை மணி நேரம் பாலிஷ் போட்டாலும் நேரம்தான் வீண். 320-க்குத் திரும்பிப் போ. சரிந்த ஓரமும் அதோடு போய்விடும். உனக்கு நஷ்டம் அஞ்சாறு சாயங்காலம். ஏழு மாதம் வேட்டி போர்த்தி வைத்ததைவிட அது குறைவுதானே?

திரும்பிப் போகும்போது வாளி, பிரஷ், பலகை, உன் நகக்கண் எல்லாவற்றையும் கழுவு. பழைய துணியைத் தூக்கி எறி. நான் அதை எறியாமல் வைத்திருந்தேன், 80 நம்பர் பவுடரில் ஒரே ஒரு மணி அதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்து 500-ல் ஒரு கீறல் போட்டது பார், பாம்பு போன தடம் மாதிரி.

இப்போது ஆசைக்கு வருகிறேன். நீ செய்த தப்பு ஆசைப்பட்டது கிடையாது. தேய்க்கும்போதே பார்த்துக்கொண்டிருந்தாய். தள்ளுகிற கை ஒன்று, பார்க்கிற கண் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கினால் கண் கையைக் கெடுக்கும். "இந்த ஓரம் இன்னும் வரலையே" என்று நினைத்த நிமிடமே விரல் அங்கே அழுத்தும். நீயே அறியாமல் அழுத்தும். கண்ணாடி ஒரு உருண்டையின் உட்புறம் மாதிரிச் சீராக வருவது எதனால்? ஒவ்வொரு தள்ளும் கொஞ்சம் முன்னப் பின்ன இருப்பதால்தான். ஒரு இடத்தை நினைத்துத் தேய்த்தாயோ, அந்த இடத்தில் பள்ளம்.

அதனால் நான் இப்படிச் செய்தேன். ஒரு சீட்டில் எழுதி வைப்பேன்: "இன்று 20 நிமிடம், மேல் கண்ணாடி, சாதாரணத் தள்ளு." அலாரம் வைப்பேன். அடித்ததும் நிறுத்துவேன், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் சரி. அதுதான் கஷ்டம், நன்றாக வரும்போது நிறுத்துவது. சோதனை ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கு வளையம், பிளேடு, நிழல் எல்லாவற்றையும் மனசாரப் பார்ப்பேன், திட்டுவேன், நோட்டில் வரைவேன். அடுத்த வாரச் சீட்டை அப்போதே எழுதி மூடிவிடுவேன். திங்கள் முதல் சனி வரை நான் வெறும் கூலி ஆள். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

தேய்த்த சூட்டோடு சோதிக்கவும் கூடாது. உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிளேடு சோதனையில் வைத்திருக்கும்போது யாரையாவது கண்ணாடியில் கட்டைவிரலைப் பத்து எண்ணும் வரை வைத்து எடுக்கச் சொல். விரல் பட்ட இடத்தில் நிழலில் ஒரு மலை எழுந்து நிற்கும். அந்த இடத்துக் கண்ணாடி சூட்டில் உப்பியிருக்கும். சில நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பாதி அவசரம் போனது. இல்லாத மேட்டை எத்தனை நாள் தேய்த்திருப்பேனோ!

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காவலூர். அங்கே 93 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். அதற்காகப் பாடுபட்டவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982-ல் இறந்துவிட்டார். தொலைநோக்கியை 1986 ஜனவரியில்தான் திறந்தார்கள், அவர் பெயரையே வைத்தார்கள். இதைச் சொல்லி "பார், அவர் பலனை எதிர்பார்க்காமல் உழைத்தார்" என்று முடிப்பார்கள் மேடையில். யார் கண்டது? எதிர்பார்க்காமலா அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு அலைந்தார்? துடித்திருப்பார் மனுஷன். துடிப்பு அவர் கையை நடுங்க வைக்கவில்லை என்பது மட்டும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் தெரிகிறது.

இன்னொன்று. வளையம் எங்கேயும் போகவில்லை, மறுபடி விரிந்துகொண்டு வருகிறது. 2032 வாக்கில் நன்றாக விரிந்து நிற்கும். சொன்னேனே தவிர, காலண்டரில் வட்டம் போடாதே.

---

கடலோரக் கணக்கு (புதுச்சேரி) எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன சீட்டு முறை பிடித்திருக்கிறது. அண்ணா, உங்கள் மேகக் கதையைப் படித்ததும் எங்கள் ஊருக்கு வந்த ஒருவர் ஞாபகம் வந்துவிட்டது. வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெ ஜென்டில் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் முகத்தில் வெள்ளி கடந்துபோவதைப் பார்க்க 1760-ல் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில். பார்த்தார், ஆனால் அந்த ஆட்டத்தில் அளந்தது எதற்கும் உதவாது. அடுத்தது எட்டு வருடம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போனார், அங்கிருந்து மறுபடி புதுச்சேரி. இடிந்த கோட்டையின் மேலே ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, எல்லாம் தயார். மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு வானம் வெளுத்தது. மணிலாவிலோ அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்திருக்கிறது.

ஊர் திரும்பினால், இவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் இவர் இடத்தில் வேறு ஆள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் "விடாமுயற்சி" என்பார்கள். எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. மேகம் மூடிய பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொடக்கூட மனம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதுதான் எனக்கு முக்கியம். இடிந்து உட்கார்ந்தார். உட்காரட்டுமே. பலனில் பற்று வைக்காதவர்கள் அழ மாட்டார்கள் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? உங்களுக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த எட்டு வருடமும் அவர் வெள்ளிக்காக வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடகாஸ்கர் கரையைப் பார்த்துக் குறிப்பு எடுத்தார், பருவக்காற்றைப் பதிந்தார், தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று இங்கேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நம் ஊர்க் கணக்கைப் பற்றி அந்தக் காலத்து ஐரோப்பாவுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அவர் எழுதிப் போனது. அதற்காக அவர் கிளம்பி வரவில்லை. வெள்ளிக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் இங்கே வந்தும் இருக்க மாட்டார்.

ஒரு சின்னச் சந்தேகம் வாத்தியார் ஐயாவிடம். ஆறு நாள் கூலி ஆள், ஏழாம் நாள் மேஸ்திரி என்கிறீர்கள். அந்த ஆறு நாளும் மேஸ்திரி தலைக்குள் வந்து எட்டிப் பார்த்தால்?

---

ஆலங்காயம் வாத்தியார் எழுதியது:

வருவார் அம்மா. தினம் வருவார். அவரோடு சண்டை போட்டால் தள்ளு கெடும். நான் எண்ணிக்கொண்டே நடப்பேன். எட்டுத் தள்ளு, ஒரு அடி. எட்டுத் தள்ளு, ஒரு அடி. எண்ணிக்கை தப்பினால் மேஸ்திரி வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். முதல் கண்ணாடியில் இருபது நிமிடத்தில் நாற்பது தடவை தப்பியது. நாலாவதில் பத்துப் பன்னிரண்டு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

---

மாடிவெளிச்சம் எழுதியது:

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஐயா, லேசர் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு நட்சத்திரம் மாதிரி எரிகிறது. மனசு கொஞ்சம் தொங்கித்தான் போனது. அன்றைக்கே 320-க்குத் திரும்பிவிடாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பிளேடு சோதனையில் வைத்தேன், உங்கள் கட்டைவிரல் விஷயத்துக்காக. மகளைத்தான் வைக்கச் சொன்னேன், ஆறாவது படிக்கிறாள். பத்து எண்ணினாள், எடுத்தாள். கண்ணை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிற வட்டத்தில் ஓரமாக ஒரு குன்று, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அவளைப் பார்க்கச் சொன்னேன். "அப்பா, இது நான் போட்டதா?" என்று கேட்டுவிட்டு நகரவே இல்லை. அது அடங்கி முடிகிற வரை பார்த்தாள். அப்புறம் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னாள். அவர் குன்று மகளுடையதைவிடப் பெரிது. அடுப்படியிலிருந்து வந்த கை.

இரண்டு வருடத்தில் அந்தக் கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்த்த முதல் பொருள் அதுதான்.

மறுநாள் 320 போட்டேன். பாலிஷ் ஏறிய கண்ணாடி அரை நிமிடத்தில் மறுபடி வெளுத்தபோது வயிற்றைப் பிசைந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எட்டுத் தள்ளு, ஒரு அடி. முதல் நாள் எண்ணிக்கை தப்பியது 50-க்கு மேல், அப்புறம் எண்ணுவதை எண்ண முடியவில்லை.

தங்கச்சி, அந்தப் பிரெஞ்சுக்காரர் இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டார். நான் ஏழு மாதம். அந்த வகையில் நான் ஜெயித்தேன்.

டிரம்மைச் சுவரோரம் தள்ளி மாடியில் பாதியை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. மறுபாதியில் வடகம். பவுடர் கையோடு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. இருபது நிமிட அலாரம் அடித்தால் கை கழுவிவிட்டு, காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பாம். இன்றைக்கு 500-க்கு மாறினேன். வாளி, பிரஷ், நகக்கண் எல்லாம் கழுவியாயிற்று. பழைய வேட்டியையும் எறிந்துவிட்டேன்.